மேயருக்கு ஓட்டு, கம்பெனிக்கு அதிகாரமா?

2022 மார்ச்சில் பதவியேற்ற நகர மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் திட்டவட்டமாகச் சொல்கிறது. நகரசபைத் தேர்தல் என்றதும் தமிழ்நாட்டில் ஒரு பழைய கேள்வி கூடவே வரும். மேயரை ஓட்டர்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா?

மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. இதை ஒளிவுமறைவின்றி முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்தக் கேள்வியோடு விவாதத்தை முடித்துக்கொள்கிறவர்கள் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். தஞ்சை நகரத்து 51 வார்டு மக்களும் வரிசையில் நின்று ஒருவரை மேயராக்கி அனுப்புவதாகவே வைத்துக்கொள்வோம். அந்த மேயர் டில்லியிடம் எதை உரிமையோடு கேட்க முடியும்? எந்தக் கதவைத் தட்ட முடியும்? தட்டினால் திறக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இதற்குப் பதில் இல்லையென்றால், அங்கியும் சங்கிலியும் அணிந்து டில்லிக்கும் கோட்டைக்கும் மனு எழுதும் ஒரு குமாஸ்தாவைத்தான் நாம் தேர்ந்தெடுத்தவர்களாவோம்.

ஆகவே, ஓட்டு முறையையும் அதிகாரத்தையும் பணத்தையும் சேர்த்தே பேச வேண்டும். அதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

சட்டத்தைப் பந்தாடிய கதை

முதலில் ஓட்டு முறையைப் பார்ப்போம். 1996ல் தமிழ்நாட்டு மாநகராட்சி மேயர்களை மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் திரு. மு.க. ஸ்டாலின் அப்படித்தான் மேயரானார். அதற்கு முன் அந்த மாநகராட்சியின் கதி என்ன? 1973ல் மன்றம் கலைக்கப்பட்டது. 23 வருஷம் தலைநகரத்து மக்களுக்கு நகர மன்றமே கிடையாது, அதிகாரிகளின் ராஜ்யம்தான்.

2001லும் நேரடித் தேர்தல் நடந்தது. 2002ல் சட்டசபை அங்கத்தினராக இருப்பவர் மேயராகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் நடுவழியில் பதவியை இழந்தார். 2006ல் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2011ல் மறுபடியும் மக்களின் நேரடி ஓட்டு. 2016ல் மறுபடியும் கவுன்சிலர்கள். 2018 ஜனவரியில் நேரடி முறைக்குத் திரும்புவதாகச் சட்டசபையில் மசோதா. அந்தச் சட்டப்படி ஒரு தேர்தல்கூட நடக்கும் முன்னே, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் பிறந்து எல்லாம் தலைகீழாயிற்று. 2022ல் கவுன்சிலர்கள்தாம் மேயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தஞ்சையில் திரு. சண். ராமநாதன் மேயரானதும் இப்படித்தான்.

கழகங்கள் இரண்டும் மாறி மாறி ஆடிய ஆட்டம் இது. இந்த மாற்றங்களில் ஒன்றுக்காவது மக்களைக் கேட்டார்களா? "நேராக நின்றால் நம் ஆள் ஜெயிப்பாரா, கவுன்சிலர்களைக் கொண்டு ஜெயிப்பது சுலபமா?" என்ற ஒரே கணக்கில்தான் சட்டம் எழுதப்பட்டது, அதே கணக்கில்தான் அழிக்கப்பட்டது.

கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதால் நல்லவர்களே வர மாட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. 2022ல் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக ஆட்டோ ஓட்டிய தொழிலாளியான திரு. கே. சரவணன் இந்த முறையிலேதான் வந்தார். அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் கவுன்சிலர்களின் கையில் தொங்கும் மேயருக்குக் கட்சித் தலைமையும் கோட்டையும்தான் முதல் எஜமானர்கள்; மக்கள் அடுத்தபடிதான். அவர் டில்லியை எதிர்த்துப் பேசுவதானாலும் சரி, டில்லியோடு இணங்கிப் போவதானாலும் சரி, மேலிடத்தைக் கேட்டுக்கொண்டே செய்வார். நேராக ஓட்டு வாங்கியவருக்குச் சொந்தக் குரல் உண்டு. நேரடித் தேர்தலை நாம் ஆதரிப்பதற்கு இதுவே காரணம்.

மன்றம் இல்லாத வீட்டில் விருந்து

இனி டில்லிக்கு வருவோம். 2015 ஜூனில் மத்திய சர்க்கார் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 100 நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷத்தில் மத்திய சர்க்கார் 500 கோடி ரூபாய். அதற்கு ஈடான தொகையை மாநிலமும் நகரமும் சேர்ந்து போட வேண்டும். 2016 செப்டம்பரில் தஞ்சை இந்தப் பட்டியலில் சேர்ந்தது. தஞ்சை போன்ற நகரத்துக்கு இவ்வளவு பெரிய மத்திய சர்க்கார் பணம் அதற்கு முன் வந்ததில்லை.

அடுத்த மாதமே, 2016 அக்டோபரில், தமிழ்நாட்டு நகர மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரி வரை நடக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளே ஆண்டார்கள். எந்தக் காலத்தில் டில்லிப் பணம் கோடி கோடியாக வந்ததோ, அதே காலத்தில் தஞ்சையில் அதைக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது!

மன்றம் இருந்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? அந்தத் திட்டத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். வேலையை மாநகராட்சி செய்யக் கூடாதாம். கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒரு தனிக் கம்பெனி தொடங்க வேண்டுமாம். மாநில சர்க்காருக்கும் மாநகராட்சிக்கும் அதில் சரிபாதிப் பங்கு. அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகியை டில்லி மந்திரி இலாகாவின் ஒப்புதலோடுதான் நியமிக்க வேண்டும். டில்லியின் முன் அனுமதி இல்லாமல் அவரை நீக்கவும் முடியாது. திட்டத்தைப் பொறுத்தமட்டில் நகர மன்றத்தின் உரிமைகளையும் கடமைகளையும் கம்பெனிக்கு ஒப்படைக்கும்படியும், நகராட்சிச் சட்டப்படி உள்ள முடிவெடுக்கும் அதிகாரத்தை அந்த நிர்வாகிக்கு மாற்றும்படியும் அந்த விதிகளே ஊக்குவித்தன.

இதற்கு என்ன அர்த்தம்? ஊரார் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டும். ஊரார் ஓட்டுப் போடாதவர் முடிவு செய்ய வேண்டும். மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இந்தக் கம்பெனிக்கு முன்னால் அவர் ஒரு பங்குதாரரின் பிரதிநிதிதான்.

தஞ்சையில் பழைய பேருந்து நிலையம், காமராஜ் மார்க்கெட், சரபோஜி மார்க்கெட், சிவகங்கைப் பூங்கா, அய்யன்குளம், சாமந்தன்குளம் ஆகியவை எல்லாம் இந்தத் திட்டத்தில் கைவைக்கப்பட்டன. குளத்தைச் சீர்திருத்தியதை நாம் குறை கூறவில்லை. மார்க்கெட்டுக்குப் புதுக் கட்டிடம் வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆனால் கீழவாசலில் கூடை வைத்துக் காய்கறி விற்கும் பெண்ணுக்குப் புதுக் கட்டிடத்தில் இடம் உண்டா? பழைய கடைக்காரருக்குப் புது வாடகை எவ்வளவு? கடையை ஏலத்துக்கு விட்டால் சிறு வியாபாரி தாக்குப்பிடிப்பாரா? ஒரே நகரத்தில் பூங்காவுக்கு முதலிடமா, சாக்கடைக்கு முதலிடமா? இவை என்ஜினீயர்கள் மட்டும் தீர்க்கிற கேள்விகளல்ல. நடு மன்றத்தில், பத்திரிகைக்காரர்களும் பொதுமக்களும் பார்த்திருக்க, வாதாடித் தீர்க்க வேண்டிய கேள்விகள். அந்த வாதம் நடக்க இடமே இருக்கவில்லை.

2025 மார்ச் 31ந் தேதியோடு ஸ்மார்ட் சிட்டி திட்டம் முடிந்தது. கட்டிடங்கள் நிற்கின்றன. அவற்றின் பராமரிப்புச் செலவு யார் தலையில்? மாநகராட்சியின் தலையில், அதாவது வரி கட்டும் மக்களின் தலையில். கட்டும்போது இல்லாத மன்றம், பராமரிக்கும்போது மட்டும் பொறுப்பு ஏற்க வேண்டுமாம்.

தலைமடையும் கடைமடையும்

டெல்டா விவசாயிக்கு ஒரு விஷயம் யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று பத்திரிகையில் படம் வந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக அவர் நம்புவதில்லை. கல்லணையில் எவ்வளவு பிரித்தார்கள், கிளை வாய்க்கால் தூர் வாரியிருக்கிறதா, இடையில் எத்தனை மதகு அடைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் நாற்று விடுவார். டில்லிப் பணத்தின் கதையும் இதுவே.

1992ல் நிறைவேறி 1993 ஜூன் 1ந் தேதி அமுலுக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அந்தஸ்து கொடுத்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல், தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு, மாநில நிதிக் கமிஷன் ஆகியவை அதில் வந்தன. நல்லது. நகர சபைகளுக்குரிய 18 விஷயங்களின் பட்டியலும் சேர்ந்தது. ஆனால் அந்த 18 விஷயங்களில் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமலிருப்பது என்பதை மாநில சட்டசபைகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் மாநிலத்தின் இஷ்டம்தான். அரசியல் சட்டத்தில் மத்திய சர்க்காருக்கென்று ஒரு பட்டியல் உண்டு. மாநிலத்துக்கென்று ஒரு பட்டியல் உண்டு. நகரத்துக்குச் சொந்தமாக ஒன்று கிடையாது. மாநிலம் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே!

பணம் எப்படி வருகிறது? மத்திய நிதிக் கமிஷன் சிபாரிசு செய்கிறது. டில்லி மாநிலத்துக்குக் கொடுக்கிறது. மாநிலம் நகரத்துக்குக் கொடுக்கிறது. 15வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை நாட்டின் நகர ஸ்தாபனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,21,055 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது. கேட்கப் பெரிய தொகைதான். இதில் தஞ்சையைப் போல 10 லட்சம் ஜனத்தொகைக்குக் குறைந்த நகரங்களுக்கு வரும் 100 ரூபாயில் 60 ரூபாயைக் குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று டில்லியே கட்டிவைத்துவிட்டது. மன்றம் தன் இஷ்டப்படி செலவிட மிஞ்சுவது 40.

அதற்கும் நிபந்தனைகள். கணக்கைத் தணிக்கை செய்து மக்கள் பார்வைக்கு வை என்பது ஒரு நிபந்தனை. அதை நாம் வரவேற்கிறோம். மக்கள் பணத்துக்கு மக்கள் முன்னே கணக்கு வைப்பதில் என்ன தவறு? ஆனால் சொத்து வரிக்கு அடிமட்ட விகிதம் நிர்ணயம் செய், மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்குக் குறையாமல் வரி வசூலையும் வளர்த்துக் காட்டு என்பது இன்னொரு நிபந்தனை. 2022 மார்ச் 4ந் தேதி தமிழ்நாட்டில் மேயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட சிறு வீட்டுக்குக்கூட 25 சதவிகிதம் உயர்வு. பெரிய வீடுகளுக்கு 100 சதவிகிதம் வரை. "ஏன்?" என்று கேட்டால் மாநில சர்க்கார் டில்லியைக் கைகாட்டியது. டில்லி நிதிக் கமிஷனைக் கைகாட்டியது. தெருவில் மக்களிடம் அகப்பட்டவர் யார்? நேற்றுப் பதவியேற்ற கவுன்சிலர்! அவர் கேட்டு வந்த வரியுமல்ல. அவர் பேசித் தீர்மானித்த விகிதமுமல்ல. பழி மட்டும் அவருக்கு.

இருந்த வருமானத்திலும் கை வைத்தார்கள். 2017ல் சரக்கு சேவை வரி வந்தபோது விளம்பரங்கள் மீதான வரி முதலியவற்றை அதற்குள் இழுத்துக்கொண்டார்கள். மத்திய சர்க்காருக்கும் மாநிலங்களுக்கும் அந்த வரியில் பங்கு உண்டு. அதை முடிவு செய்யும் கவுன்சிலில் இடமும் உண்டு. நகரங்களுக்கு அங்கே பங்குமில்லை, நாற்காலியுமில்லை.

டில்லி கட்ட வேண்டிய பாக்கி

மேயர் டில்லியிடம் கையேந்துகிறார் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். டில்லி நகரத்துக்குத் தர வேண்டியது என்ன என்று யாரும் பேசுவதில்லை.

தஞ்சையில் ரயில்வே நிலையமும் ரயில்வே குடியிருப்புகளும் இருக்கின்றன, தபாலாபீசுகள் இருக்கின்றன, விமானப் படைத் தளம் இருக்கிறது. உலகம் வந்து பார்க்கும் பெரிய கோயில் மத்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. கோயிலுக்கு வரும் ஜனங்கள் நடக்கும் தெருவைக் கூட்டுவது யார்? மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டிடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்டலாம் என்று விதிப்பது மத்திய சட்டம். அந்த எல்லைக்குள் குடியிருக்கும் மக்களின் முறையீட்டைக் கேட்பது கவுன்சிலர்.

அரசியல் சட்டத்தின் 285வது பிரிவின்படி மத்திய சர்க்கார் சொத்துக்கு நகரசபை வரி போட முடியாது. ஆனால் சேவைக்குக் கட்டணம் உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் முன்னிலையில் இதற்கு வழி வகுக்கப்பட்டது. நகரசபை செய்து தரும் வசதிகளுக்குத் தக்கபடி சொத்து வரியில் 75, 50, 33 1/3 சதவிகிதம் என்ற அளவில் மத்திய சர்க்கார் சேவைக் கட்டணம் செலுத்த வேண்டும். இது பிச்சையல்ல, பாக்கி. தஞ்சை எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு மத்திய சர்க்கார் கட்டிடத்துக்கும் எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வந்தது என்ற கணக்கை மன்றம் ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டோடு சேர்த்து வெளியிடட்டும். குடிசைக்காரரின் வரி பாக்கிக்குக் குழாயைத் துண்டிக்க வரும் வேகத்தில் பாதியையாவது இதில் காட்டட்டும்.

நேராக ஜெயித்தவர்களின் அனுபவம்

நேரடித் தேர்தல் எவ்வளவு தூரம் உதவும், எங்கே நின்றுவிடும்? வெளி அனுபவங்களைப் பார்ப்போம்.

இமாசலத்துச் சிம்லாவில் 2012ல் மக்கள் நேராக ஓட்டளித்து மார்க்சிஸ்ட் கட்சியின் சஞ்சய் சவுகானை மேயராகவும் டிகேந்தர் பன்வாரைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். 25 வார்டுகளில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது மூன்றே மூன்று. மன்றத்தில் மெஜாரிட்டி எதிர்த்தரப்பில், மாநில சர்க்கார் வேறு கட்சி, டில்லி வேறு. அப்படியும் அவர்கள் ஐந்து வருஷம் பதவியில் நின்றார்கள். மக்களிடமிருந்து நேராக வந்த ஓட்டு அவர்களைத் தாங்கியது. ஆனால் 2017ல் அடுத்த தேர்தல் வந்தபோது நேரடி முறையே எடுபட்டுப்போயிற்று. பெரிய கட்சிகளுக்குச் சங்கடமான முறை எத்தனை நாள் நிற்கும்?

இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரத்துக்கு 2017ல் ஆண்டி பர்னம் நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020 அக்டோபரில், கொரோனா காலத்தில், லண்டன் சர்க்கார் அந்த வட்டாரத்தை மூட உத்தரவிட முனைந்தது. "மூடுங்கள், ஆனால் வேலையிழக்கும் தொழிலாளிக்கு மூன்றில் இரண்டு பங்குக் கூலி போதாது, 80 சதவிகிதம் வேண்டும்" என்றார் மேயர். குறைந்தபட்சம் 6 கோடியே 50 லட்சம் பவுன் கேட்டார். சர்க்கார் 6 கோடிக்கு மேல் போக மறுத்தது. பேச்சு முறிந்தது. சர்க்கார் தன் உத்தரவை அமுல்படுத்தியது. மேயரால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அவர் நகரச் சதுக்கத்தில் நின்று பேசியதை நாடே கேட்டது. சில நாட்களுக்குள் நிதி மந்திரி உதவித் திட்டத்தை விரிவாக்கி அறிவித்தார். நேரடி ஓட்டின் பலமும் இதில் தெரிகிறது. அதன் பலவீனமும் தெரிகிறது. குரல் மேயருக்கு, பணப் பெட்டியின் சாவி லண்டனுக்கு.

துருக்கியின் இஸ்தான்புல் நகரம் 2019 மார்ச்சில் எதிர்க்கட்சியின் ஏக்ரம் இமாமோலுவை மேயராகத் தேர்ந்தெடுத்தது. தேர்தலே செல்லாது என்றார்கள். ஜூனில் மறு தேர்தல். முதல் முறை சுமார் 13,000 ஓட்டில் ஜெயித்தவர் இம்முறை 8 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மக்கள் கொடுத்த பதில் அது! 2024ல் மீண்டும் ஜெயித்தார். 2025 மார்ச்சில் அவரைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள்; பதவியிலிருந்தும் நிறுத்திவைத்தார்கள். மத்தியில் உள்ளவர்கள் துணிந்துவிட்டால் லட்சக்கணக்கான ஓட்டும் மேயருக்குக் காவலாகாது என்பதற்கு இது சாட்சி.

இப்போது பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே மேயர்களைக் கவுன்சிலர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 1996ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்குவதென்று முடிவாயிற்று. வார்டு சபையில் ஜனங்கள் கூடித் தங்கள் ஊர்த் திட்டத்தை எழுதினார்கள். நேரடி மேயர் இல்லாமலே ஊருக்கு அதிகாரம் போயிற்று. ஓட்டு முறை ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்கிறவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். ஓட்டு முறையில் என்ன இருக்கிறது என்று அலட்சியம் செய்கிறவர்கள் சிம்லாவைப் பார்க்கட்டும். இரண்டும் சேர வேண்டும் என்பதே நம் வாதம்.

இரண்டு ஆட்சேபங்கள்

"டில்லியில் எந்தக் கட்சியோ அதே கட்சி மேயராக வந்தால் பணம் தானே வரும்" என்று சிலர் உபதேசிக்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் இது சொல்லாமல் சொல்வது என்ன? எங்களுக்கு ஓட்டுப் போடாவிட்டால் உங்கள் தெருவில் சாக்கடை ஓடும் என்பதுதானே! டில்லியில் உள்ள பணம் எந்தக் கட்சியின் வீட்டுப் பணமுமல்ல. தஞ்சையில் சோப்பு வாங்குகிறவரும் தீப்பெட்டி வாங்குகிறவரும் கட்டிய வரி அது. கட்சி பார்த்துக் கொடுப்பதற்குப் பெயர் கூட்டாட்சி அல்ல, சலுகை ஆட்சி. உரிமை உள்ளவன் கட்சி மாற வேண்டியதில்லை.

"நேராக வந்த மேயர் எதேச்சாதிகாரியாகிவிடுவார், மன்றத்தோடு மோதல் வரும்" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். இதில் நியாயம் உண்டு. நாம் தள்ளிவிட மாட்டோம். மக்கள் ஓட்டு வாங்கியதாலேயே ஒரு மனிதர் மன்றத்தை மதிக்காமல் கான்டிராக்டர்களோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். அதற்கு மருந்து, மக்களின் ஓட்டைப் பறிப்பதல்ல. பட்ஜெட் மன்றத்தின் கையில் இருக்கட்டும். பெரிய கான்டிராக்டுகள் மன்றத்தின் முன் வரட்டும். வார்டுதோறும் சபை கூடிக் கணக்குக் கேட்கட்டும். மேயருக்கு மக்கள் தலைவர் என்ற பலமும் வேண்டும், மன்றத்தின் கடிவாளமும் வேண்டும்.

பின்வாங்கச் செய்த பலம்

டில்லி அசைக்க முடியாத மலை என்று எண்ணிச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி இலாகா நாடெங்கும் சுரங்கப் பகுதிகளை ஏலத்துக்கு விட்டது. அந்தப் பட்டியலில் நம் மாவட்டத்து வடசேரியும் இருந்தது. மைக்கேல்பட்டியும் கிழக்குச் சேத்தியாத்தோப்பும் இருந்தன. நெல் விளையும் பூமியின் அடியில் நிலக்கரி தேட, அந்த ஊர்களின் பஞ்சாயத்துகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெல்டா கொந்தளித்தது. விவசாயிகளும் விவசாயத் தொழிலாளிகளும் கட்சி வித்தியாசமின்றி எழுந்தார்கள். சட்டசபையிலும் ஒருமித்த குரல் எழுந்தது. ஏப்ரல் 8ந் தேதி அந்த மூன்று பகுதிகளையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக டில்லி அறிவித்தது. இரண்டு வாரத்துக்குள்!

நூறு வருஷத்துக்கு முன் லண்டனின் ஏழைப் பகுதியான பாப்ளரிலும் இதே பாடம்தான். 1921ல் ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் அந்த நகர மன்றத்தின் 30 கவுன்சிலர்கள், பணக்காரப் பகுதிகளைவிட ஏழைப் பகுதிகள் அதிக வரிச் சுமை தாங்குவதை ஏற்க மறுத்து, மேல் ஸ்தாபனங்களுக்கு வசூலித்துத் தர வேண்டிய வரியை வசூலிக்காமல் நின்றார்கள். சிறைக்கு அனுப்பினார்கள். மக்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஆறு வாரத்தில் வெளியே விட நேர்ந்தது. சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சட்டமும் வந்தது. தனியாக மனுக் கொடுக்கும் மேயரை மேலிடம் காக்க வைக்கும். மக்களோடு சேர்ந்து வரும் மன்றத்தைக் காக்க வைக்க முடியாது.

நம் கோரிக்கைகள்

இவற்றையெல்லாம் கருதி, வரப்போகும் தேர்தலை முன்னிட்டு, நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. மேயரையும் நகரசபைத் தலைவரையும் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கச் சட்டம் வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் உரிய ஒதுக்கீடு அப்படியே தொடர வேண்டும். ஒவ்வொரு சர்க்காரும் வந்து மாற்றியெழுதாதபடி அந்த ஏற்பாடு நிலைக்க வேண்டும்.

2. தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். 2016 முதல் 2022 வரை நடந்த அதிகாரி ராஜ்யம் இன்னொரு முறை வரக் கூடாது.

3. நகரத்தில் மத்திய சர்க்கார் பணத்தில் நடக்கும் எந்தத் திட்டமும் மன்றத்தின் தீர்மானம் பெற்றே நடக்க வேண்டும். மன்றத்தின் அதிகாரத்தைக் கம்பெனிக்கு மாற்றும் முறை கூடவே கூடாது. ஸ்மார்ட் சிட்டி கம்பெனியின் முழுக் கணக்கும், அது உண்டாக்கிய சொத்துக்களின் விவரமும் தஞ்சை மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

4. நிதிக் கமிஷன் மானியம் நேரம் தவறாமல், முழுமையாக, கட்சி பாராமல் நகரங்களுக்குச் சேர வேண்டும். சரக்கு சேவை வரியில் நகரங்களுக்கென்று ஒரு பங்கு சட்டப்படி நிர்ணயிக்கப்பட வேண்டும். சிறு வீட்டின் மேல் வரியேற்றுவதை மானியத்துக்கு நிபந்தனையாக்கக் கூடாது.

5. மத்திய சர்க்கார் சொத்துக்களின் சேவைக் கட்டணப் பாக்கியை உடனே செலுத்த வேண்டும்.

6. 74வது திருத்தத்தின் 18 விஷயங்களையும் விருப்பமாக அல்ல, கட்டாயமாக நகரங்களுக்கு ஒப்படைக்க வேண்டும். மத்திய இலாகாக்கள் நகரத்தைப் பாதிக்கும் முடிவெடுக்கும் முன் மேயரையும் மன்றத்தையும் கலந்தாலோசிப்பது சட்டக் கடமையாக வேண்டும்.

இந்தக் கோரிக்கைகள் எந்தக் கட்சிக்கும் தனிச் சொத்தல்ல. தஞ்சை, கும்பகோணம் மாநகராட்சிகளிலும், பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நகரசபைகளிலும் எந்தச் சின்னத்தில் ஜெயித்தவரும் இவற்றை எதிர்க்க நியாயம் கிடையாது. வருகிற தேர்தலில் ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அபேட்சகரையும் திண்ணையில் உட்காரவைத்துக் கேளுங்கள்: "டில்லியிலிருந்து பணம் வந்தால் அதை மன்றம் செலவிடுமா, கம்பெனி செலவிடுமா? வரியைத் தீர்மானிப்பது நீங்களா, மேலிடமா? தெருவுக்கு வந்து கணக்குச் சொல்வீர்களா?" பதில் சொல்லத் தயங்குகிறவர் எந்தக் கட்சிக்காரரானாலும் நம் ஓட்டுக்கு உரியவரல்ல.

வாய்க்காலைத் தூர் வாராமல் தண்ணீர் வராது என்பதை அறிந்த மக்கள் நாம். முறைப்படி நம் வயலுக்கு வர வேண்டிய தண்ணீருக்கு மதகடியில் நின்று போராடியே பழகியவர்கள். நகரத்துக்கு வர வேண்டிய அதிகாரத்துக்கும் பணத்துக்கும் அதே போல் நிற்போம். ஓட்டு மக்களுடையது; மேயர் மக்களுடையவர்; வரிப்பணமும் மக்களுடையது. அதிகாரம் மட்டும் வேறெங்கோ இருக்க நாம் சம்மதிக்கலாகாது!